அருவக்காட்டுக் கல்லும் அதை உடைத்த கைகளும்

புத்தளம் மாவட்டத்தின் வடபகுதியில், கலா ஓயா புத்தளம் களப்பில் கலக்கும் இடத்துக்கு அண்மையில், வண்ணாத்திவில்லுப் பிரிவுக்குள் அமைந்தது அருவக்காடு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் வழியாக நீளும் சுண்ணாம்புக்கல் படுகை இங்கே செம்மண்ணுக்குக் கீழே அதிக ஆழமின்றிக் கிடக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற கடலில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிய கல் அது. இப்பகுதியினர் சேனைப் பயிரையும் களப்பு மீனையும் நம்பி வாழ்ந்தவர்கள். மழை பொய்த்தால் அடுப்பும் அணையும் நிலை இருந்தது.

இலங்கையின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் காங்கேசன்துறையில் உற்பத்தியைத் தொடங்கியது. அணைகளும் வீடுகளும் பெருகியபோது அது போதவில்லை. அருவக்காட்டுக் கல்லை நம்பி, அரச சீமெந்துக் கூட்டுத்தாபனம் புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியில் இரண்டாவது பெரிய ஆலையை எழுப்பியது. 1970களின் தொடக்கத்திலிருந்து அது சீமெந்து தந்தது. கல்லகழ்விடத்துக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கல்லைச் சுமக்க அகலப் பாதை ரயில் தடம் போடப்பட்டது.

வேலை குழியில் தொடங்கும். முதலில் செம்மண் அகற்றப்படும். பின் பாறையில் வரிசையாகத் துளையிட்டு வெடிமருந்து இறுக்குவார்கள். வெடித்துச் சரிந்த கல் கனரக லொறிகளில் ஏறி, நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும். நிழலற்ற வெண்ணிறக் குழியில் வெயில் மேலிருந்தும் சுவரிலிருந்தும் அடிக்கும். வியர்வையோடு கலந்த கற்பொடி தோலில் பூச்சுப்போல இறுகும். நெடுங்காலம் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும்.

பாலாவியில் கல் களிமண்ணோடு அரைபட்டுச் சுழலும் சூளைக்குள் போகும். அங்கே வெப்பம் 1,450 பாகை செல்சியஸை எட்டும்போது அது கிளிங்கர் என்ற கரும் உருண்டைகளாகும். ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். கிளிங்கருடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. வெறுங்கண்ணால் பார்க்க முடியாத சூளை நெருப்பை நிறக்கண்ணாடி வழியே பார்த்து, சுவாலையின் நிறத்தைக் கொண்டே வெப்பத்தை மதிப்பிடுவது மூத்த தொழிலாளியின் கைத்திறன். எந்த ஏட்டிலும் முழுமையாக எழுத முடியாத அந்த அறிவு மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வேலைத்தளத்திலேயே கைமாறியது.

சூளையை நினைத்தபடி நிறுத்த முடியாது. குளிர்ந்தால் உட்புறத் தீச்செங்கற்கள் வெடிக்கும். ஆகவே இரவும் பகலும் முறைவேலை நடந்தது. தகப்பன் இரவு வேலை முடிந்து பகலில் உறங்க, பிள்ளைகள் சத்தமின்றி விளையாடிய வீடுகள் அவை. பெருநாளும் பொங்கலும் நத்தாரும் முறைப் பட்டியலுக்கு ஏற்பவே அமைந்தன. அதற்கு ஈடாக மாதச் சம்பளமும், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதியும் கிடைத்தன. மழையை எதிர்பார்த்திருந்த குடும்பத்தால் பிள்ளையின் படிப்பையும் மகளின் கல்யாணத்தையும் முன்கூட்டியே திட்டமிட முடிந்தது இந்த வருமானத்தால்தான்.

1990இல் உள்நாட்டுப் போரினால் காங்கேசன்துறை ஆலை மூடப்பட்டது. அதன்பின் கல்லிலிருந்து சீமெந்துவரை எல்லாவற்றையும் செய்யும் ஒரே ஆலையாகப் பாலாவி நின்றது. 1990களில் அரசு அதைத் தனியாருக்கு விற்றது. பின்னர் ஹோல்சிம் நிறுவனமும், 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்து நிறுவனமும் உரிமையாளர்களாயின.

கல் எடுத்த இடத்தில் குழிகள் எஞ்சின. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தள்ளியிருந்தும், தலைநகரின் கழிவைக் கொட்ட இப்பகுதி தெரிவானது. 2017 ஏப்ரலில் கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபின் திட்டம் விரைவுபெற்றது. நிலத்தடி நீருக்கும் களப்புக்கும் அஞ்சிய புத்தளம் மக்கள் 2018, 2019 ஆண்டுகளில் இன, மத வேறுபாடின்றி அதை எதிர்த்துப் போராடினர். நாட்டின் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் கல் கொடுத்த மண், நகரத்தின் குப்பையைச் சுமக்கக் கடமைப்பட்டதல்ல என்ற அவர்களின் வாதம் நியாயமானது. அருவக்காட்டின் வரலாறு ஆலையின் உற்பத்திக் கணக்கோடு முடிவதில்லை. அந்தக் கல்லை உடைத்து, சுமந்து, எரித்துக் குடும்பங்களை வளர்த்த தலைமுறையின் உழைப்பும் அதில் பதிவாக வேண்டும்.