திருவாய்மொழி இசைமரபு

திருவாய்மொழி இசைமரபு என்பது நம்மாழ்வாரின் 1,102 பாசுரங்களை இசையோடும் தாளத்தோடும் பாடிவரும் வைணவக் கோயில் மரபு. இதன் தாய்வீடு தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரி, பழைய பெயர் திருக்குருகூர்.

பாட்டெழுதுபவர் ஒருவர், இசை வகுப்பவர் இன்னொருவர் என்ற வழக்கம் தமிழில் மிகப் பழையது. சங்க நூலான பரிபாடலின் பல பாடல்களுக்குக் கீழே புலவர் பெயரோடு பெட்டனாகனார், கண்ணனாகனார், நல்லச்சுதனார் போன்ற இசைவகுத்தோர் பெயரும் பண்ணின் பெயரும் காணப்படுகின்றன. மெட்டுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. சீனத்திலும் இதே இழப்புதான். பழைய மெட்டுகளுக்குச் சொல் நிரப்பி எழுதிய ‘ட்சு’ பாடல்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் சோங் காலக் கவிஞர் ஜியாங் குய் இசைக்குறியோடு விட்டுச்சென்ற 17 பாடல்களைப் போன்றவை மிகச் சிலவே.

திருவாய்மொழியைப் பொறுத்தவரை, குருபரம்பரைக் கதைகளின்படி, காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள் (10ஆம் நூற்றாண்டளவில்) யாத்திரிகர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு, மீதியைத் தேடிக் குருகூர் வந்தார். அங்கே நம்மாழ்வாரின் சீடர் மதுரகவியின் பிரபந்தத்தை 12,000 முறை ஓதி, ஆழ்வார்களின் பாசுரங்கள் நாலாயிரத்தையும் பெற்றார். பின்னர் அவற்றை இயற்பா, இசைப்பா எனப் பிரித்து, இசைப்பாக்களைத் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் தேவகானம் என்னும் இசைமுறையில் பயிற்றுவித்தார். கோயிலில் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர்கள் தங்கள் மரபை இவர்களிடமிருந்தே தொடங்குகிறார்கள்.

14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புக் காலத்தில் நம்மாழ்வார் திருமேனியே குருகூரைவிட்டு வெளியேற நேர்ந்தது. காடு மண்டிய ஊரைத் திருத்தி, ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளச் செய்தவர் வைணவ ஆசாரியர் திருவாய்மொழிப்பிள்ளை.

அரையர் சேவையை அருகிலிருந்து பார்க்கவேண்டும். கூம்புக் குல்லாயும் பெருமாளின் மாலையும் அணிந்த அரையர், கைத்தாளத்தைத் தட்டி ஒரு பாசுரத்தை இசையோடு தொடங்குவார். அதே அடியைத் திரும்பப் பாடி அபிநயம் பிடிப்பார். பிறகு தாளத்தை நிறுத்திவிட்டு, தம்பிரான்படி என்னும் வியாக்கியானத்தைச் சொல்வார். முத்துக்குறி என்ற பகுதியில் தலைவியின் தாயாகவும் கட்டுவிச்சியாகவும் அவரே மாறி, முத்துகளைப் பரப்பிக் குறி பார்ப்பார். கோஷ்டியாக அத்யாபகர்கள் ஓதும் சேவாகாலம் வேறு. அதில் ராக ஆலாபனைக்கு இடமில்லை.

பழைய பதிப்புகளில் திருவாய்மொழிப் பதிகங்களின் தலையில் முதிர்ந்த குறிஞ்சி முதலிய பண்களும் ஏழொத்து, ஒன்பதொத்து முதலிய தாளங்களும் குறிக்கப்பட்டுள்ளன. அந்தப் பண்களைக் குறித்தபடி பாடும் வழக்கம் விட்டுப்போயிற்று. காரணம் நூலின் அமைப்பிலேயே தெரிகிறது. அந்தாதித் தொடை ஒரு பாசுரத்தின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு பிணைப்பதால் சொல் தவறாது. ராகத்துக்கு அப்படியொரு பிணைப்புக் கிடையாது. பாடுபவரின் தொண்டையும் சீடரின் காதும் மட்டுமே அதற்கு ஆதாரம்.

20ஆம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நாலாயிரத்தைச் சேர்ந்த திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதுக்கும் கர்நாடக ராகங்களில் மெட்டமைத்தார். கச்சேரி மேடை அதை ஏற்றுக்கொண்டது. ஸ்ரீராம பாரதி (1949–2000) எதிர்த்திசையில் சென்று, அரையர்களின் முறையைக் கற்றுத் தேவகானத்தை மீட்க உழைத்தார். இரண்டும் பெரிய தொண்டு. ஆனால் பழம்பண்ணைத் தேடுபவர் முதலில் காதுகொடுக்க வேண்டியது அரையர் குடும்பங்களுக்கே. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை போன்ற ஒருசில தலங்களில் மட்டுமே அரையர் சேவை நீடிக்கிறது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் அதைக் கேட்கலாம்.