காமாலை முதல் மரபணு வரை: பித்தநாள நோயாய்வின் வரலாறு

முன்னுரை

சுரண்டை, தென்காசி வட்டாரங்களில் மஞ்சள் காமாலை என்றவுடன் கீழாநெல்லியே நினைவுக்கு வரும். எனினும் காமாலை என்பது ஓர் அறிகுறி. அதன் காரணங்கள் பல. அக்காரணங்கள் ஆய்வில் பிரித்தறியப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

கீழாநெல்லி ஆய்வு

எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் சென்னையில் நிகழ்த்திய ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்தது. கீழாநெல்லியை 30 நாள் உட்கொண்ட ஹெபடைடிஸ் பி தாங்கிகளில் 59 விழுக்காட்டினரிடம் அந்நச்சுயிரியின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்ததாக அது அறிவித்தது. பின்வந்த ஆய்வுகள் பல இம்முடிவை உறுதிசெய்யவில்லை. அன்றியும், அவ்வாய்வு கல்லீரலைத் தாக்கும் நச்சுயிரி பற்றியது, பித்தநாளம் பற்றியதன்று.

பித்தநாளமும் மரபணுவும்

முதன்மைத் தழும்பாக்கப் பித்தநாள அழற்சியில் நாளங்கள் தழும்பேறிக் குறுகுகின்றன. பித்தம் தேங்கி, காலப்போக்கில் கல்லீரல் சிரோசிஸ் விளைகிறது. எச்எல்ஏ-பி8 மரபுக்கூறு இந்நோயாளிகளிடம் மிகுந்து காணப்படுவது 1980களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. அது நோய் யாருக்கு வரும் என்பதற்கான தடயம். வந்த நோய் எவரிடம் விரைந்து முற்றும் என்பது வேறு வினா. கட் என்னும் இதழில் 2018இல் வெளிவந்த, 3402 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வு, 6ஆம் குரோமோசோமில் ஆர்எஸ்பிஓ3 மரபணுவை ஒட்டிய வேறுபாட்டை நோய் முற்றும் போக்கோடு தொடர்புபடுத்தியது.

முடிவுரை

இத்தகைய தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து பெறப்பட்டவை. தமிழகத்து நோயாளிக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. காமாலை என்னும் ஒரே பெயரில் அனைத்தையும் அடக்கி மூலிகை மட்டும் அளிப்பது, அடைபட்ட நாளத்தைக் கண்டறிய வேண்டிய காலத்தை இழக்கச் செய்யும். அறிகுறியையும் நோயையும் பிரித்தறிதலே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.