நரம்பை வெட்டிவிட்டுச் சாப்பிடும் வண்டு

எருக்க இலையைக் கிள்ளினால் கையெல்லாம் பால் ஒட்டிக்கொள்ளும், தெரியும்தானே? வட அமெரிக்காவின் மில்க்வீட் செடியும் எருக்கின் குடும்பம்தான். அதன் பால் நச்சு மட்டுமல்ல, பசையும்கூட. கடிக்கிற பூச்சியின் வாயே ஒட்டிப்போகும். ஆனால் லாபிடோமெரா கிளிவிகோலிஸ் என்ற இலைவண்டுக்கு அந்தச் செடிதான் சாப்பாடு. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், ஆரஞ்சு முதுகில் கறுப்புப் பட்டைகள். பார்த்தால் பெரிய பொறிவண்டு என்றே நினைப்போம்.

இதற்குப் பெயர் வைத்தவர் வில்லியம் கிர்பி. இங்கிலாந்தில் பார்ஹாம் என்ற கிராமத்துப் பாதிரியார். வட அமெரிக்கப் பூச்சிகளைப் பற்றி 1837-ல் வெளியான நூலில் இதை விவரித்தார். அவர் பார்த்தது செத்துக் காய்ந்த வண்டை. அதில் நிறம் தெரியும், வடிவம் தெரியும். சாப்பிடும் விதம் தெரியாது.

உயிருள்ள வண்டு சாப்பிடும் முன் இலை நரம்புகளைக் கடித்து வெட்டுகிறது. பால் வெட்டிய இடத்திலேயே வடிந்துவிடும். வெட்டுக்கு அப்பால், நுனிப்பக்கம் நிம்மதியான விருந்து!

இப்படி நரம்பு வெட்டும் பூச்சிகளைப் பற்றி டேவிட் டுசூர்ட், தாமஸ் ஐஸ்னர் இருவரும் 1987-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். நரம்பை மனிதர்களே வெட்டிக் கொடுத்தபோது, மில்க்வீட் பக்கமே போகாத பூச்சிகளும் அந்த இலையைத் தின்றன. செடியின் காவல், பாய்ந்து வரும் அந்தப் பால்தான்.

பெயர் வைத்ததற்கும் இந்தச் சோதனைக்கும் நடுவே சரியாக 150 ஆண்டுகள். பெயர் தெரிந்தால் பூச்சியைத் தெரிந்துகொண்டதாக நானும் நினைத்திருந்தேன்.