காயம் பட்டால்தான் லீவு

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை பீரங்கியும் துப்பாக்கியுந்தான். பாடநூலும் எந்தப் படை எந்த ஊரைப் பிடித்தது, எந்தத் தளபதி வென்றான் என்பதோடு நின்றுவிடும். சென்ற தவணையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், “சார், சண்டைக்குப் போனவங்களுக்கு லீவே கிடையாதா? ஊருக்கு எப்படிப் போவாங்க?” என்று கேட்டான். தோட்டத்துப் பிள்ளையல்லவா! லீவு என்றால் அவனுக்கு ஊர்ப்பயணந்தான் நினைவு. நல்ல கேள்வி. வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று. ஆகவே இம்மலரில் எழுதுகிறேன்.

1914 ஜூலை இறுதியில் தொடங்கி 1918 நவம்பரில் முடிந்த முதலாம் உலகப் போரை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டிலும் பெல்ஜியத்திலும் இரு தரப்பாரும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு, மழையிலும் சேற்றிலும் ஆண்டுக் கணக்கில் எதிரெதிரே கிடந்தார்கள். ஆங்கிலச் சிப்பாய்க்குக்கூட லீவு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை வாய்த்தாலே அதிர்ஷ்டம். அதுவும் ஏழு நாள், பத்து நாள். ஆனால் சீட்டு கைக்கு வந்துவிட்டதென்றால் கப்பலேறிக் கால்வாயைத் தாண்டி, இலண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் பூட்சில் சேறு காயுமுன்னே வந்து இறங்கிவிடுவான். அங்கிருந்து வீடு. அம்மா கையால் சோறு என்று நாம் சொல்வது போல அவனுக்கும் ஏதோ ஒன்று இருக்குமல்லவா?

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவனுடைய வீடு பல வாரக் கப்பல் பயணத்துக்கு அப்பால். அவன் லீவை இலண்டனில் கழித்தான். ஹார்ஸ்ஃபெரி சாலையிலிருந்த ஆஸ்திரேலியப் படைத் தலைமையகத்தில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, நகரைச் சுற்றிப் பார்ப்பதும் நாடகம் பார்ப்பதுமாகக் காலம் போயிற்று. அவனுக்கு நாள் கூலி ஆறு ஷில்லிங். ‘ஆறு ஷில்லிங் உல்லாசப் பயணிகள்’ என்று அவர்களைக் கேலி செய்தவர்களும் உண்டு. 1914-இல் சேர்ந்தவர்களுக்கு ஊர் போகும் லீவு 1918 செப்டம்பரில்தான் வந்தது. போனவர்கள் திரும்புமுன் போரே முடிந்துவிட்டது.

இனி இந்தியச் சிப்பாயைப் பார்ப்போம்.

1914 செப்டம்பர் 26-ஆம் நாள் பிரான்சின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இலாகூர் படைப்பிரிவு வந்திறங்கியது. மீரட் படைப்பிரிவு பின்னால் வந்தது. குதிரைப்படையும் தொழிலாளர் படையும் சேர்த்து, போர் முடியுமுன் பிரான்சுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 138,000 பேர். பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்காக்கள், கார்வாலியர் இவர்களே பெரும்பாலோர். நம்மவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். போர்க்குணம் சில இனத்தாருக்கே உண்டு என்று அக்கால ஆங்கில அதிகாரிகள் முடிவு கட்டிக்கொண்டு, சென்னைப் படைகளைப் பல ஆண்டுகளாகவே குறைத்து வந்திருந்தார்கள். சென்னை சாப்பர் படையினர் மெசபொட்டேமியா என்ற இன்றைய ஈராக்கில் பாலம் கட்டியும் பாதை போட்டும் உழைத்தார்கள். அது தனிக் கதை.

இந்தியச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் பதினொரு ரூபாய். அந்நாளில் பவுனுக்குப் பதினைந்து ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாணவர்களே! ஆஸ்திரேலியன் இரண்டரை நாளில் வாங்கியதை இவன் ஒரு மாதம் உழைத்து வாங்கினான். குழி ஒன்றுதான், குண்டும் ஒன்றுதான்.

லீவு? ஊருக்குப் போக மூன்று நான்கு வாரம் கப்பலில். திரும்பி வரவும் அப்படியே. கப்பல்களோ போருக்கே போதவில்லை. ஆகவே ஊர் லீவு என்பது பெரும்பாலோருக்குக் கனவாகவே இருந்தது. போர்முனையை விட்டு அவன் வெளியே வர ஒரே வழி காயம். காயம் பட்டவனைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் தென்கரைக்கு அனுப்பினார்கள். அதுதான் அவனுக்கு லீவு.

அப்படிப் போனவர்கள் கண்டதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரைட்டன் என்ற கடற்கரை நகரில் ஓர் அரண்மனை இருக்கிறது. பின்னால் நான்காம் ஜார்ஜ் மன்னராக வந்தவர் இளவரசராக இருந்தபோது கட்டத் தொடங்கியது. வெளியே பார்த்தால் மொகலாயர் கட்டடம் போலக் கும்பங்களும் கோபுரங்களும். 1914 இறுதியில் இதை இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக மாற்றினார்கள். இசை மண்டபத்தில், விருந்து மண்டபத்தில், பக்கத்திலிருந்த பெரிய கூடத்தில் எல்லாம் வரிசை வரிசையாக எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டில்கள். பூலோக சொர்க்கமே இதுதான் என்ற பொருளில் ஒருவன் ஊருக்கு எழுதியிருக்கிறான்.

சமையலறை மட்டும் ஒன்பது! இந்துக்களில் மாமிசம் உண்பவருக்கு வேறு, உண்ணாதவருக்கு வேறு, முஸ்லிம்களுக்கு வேறு. தண்ணீர்க் குழாயும் தனித்தனி. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது. சீக்கியர் வழிபடத் தோட்டத்தில் ஒரு கூடாரம், முஸ்லிம்கள் தொழப் புல்வெளியில் ஓரிடம். அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குருமுகி எழுத்துகளில். இந்த உபசாரம் முழுக்க வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. புண் கட்டிய டாக்டரும் தண்ணீர் கொடுத்த பணியாளும் உண்மையாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் விளம்பரமும் அதில் கலந்திருந்தது. அரண்மனையைப் படம் பிடித்துத் தபால் அட்டைகளாக விற்றார்கள். ஆங்கிலம், உருது, குருமுகி மூன்றிலும் ஒரு சிறு நூல் அச்சிட்டார்கள். மன்னரே தம் அரண்மனையைச் சிப்பாய்க்கு விட்டுக்கொடுத்தார் என்று இந்தியாவில் பேச்சு பரவியது. உண்மையில் அந்தக் கட்டடம் 1850-லேயே பிரைட்டன் நகரத்தாருக்கு விற்கப்பட்டுவிட்டது. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

சரி, உடம்பு தேறியவன் ஊர் சுற்றிப் பார்க்கலாமா? அங்கேதான் சங்கடம். வேலியோரம் நின்று எட்டிப் பார்த்த கூட்டத்தை மறைக்க உயரமான பலகைத் தடுப்பு எழுந்தது. அரண்மனையில் இருந்தவர்களைக் குழு குழுவாகக் கண்காணிப்போடு வெளியே அழைத்துப் போனார்கள், சிலரை இலண்டனுக்கும் கூட்டிச் சென்று காட்டினார்கள். அதே ஊரில், ஏழை விடுதியாக இருந்த கட்டடத்தில் கிட்சனர் இந்திய மருத்துவமனை நடந்தது. அங்கே நிலைமை இன்னும் மோசம். சுவரில் முள்கம்பி, வாசலில் படைப் போலீஸ். இந்தியர் வெள்ளைக்காரப் பெண்களோடு பழகிவிடக்கூடாது என்ற பயமே காரணம். பொறுப்பிலிருந்த கர்னல் சர் புரூஸ் சீட்டன் இந்தக் கட்டுப்பாட்டில் கண்டிப்பாக இருந்தார். நாங்கள் கைதிகளைப் போல நடத்தப்படுகிறோம் என்று அங்கே வேலை செய்த ஓர் இந்தியர் எழுதினார். இந்திய உதவி மருத்துவர் ஒருவர் இதைப் பொறுக்காமல் கர்னலைச் சுடவே துணிந்துவிட்டார். குறி தப்பியது, ஏழாண்டுச் சிறை கிடைத்தது. அவர் செய்தது சரியென்று சொல்லமாட்டேன். படித்த ஒரு மருத்துவரை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எப்படி அறிகிறோம்? கடிதங்களால். சிப்பாய்கள் அனுப்பிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்தார்கள். அந்த ஏடுகள் இன்றும் இலண்டனில் பாதுகாப்பாக இருக்கின்றன. தணிக்கை உண்டு என்பது சிப்பாய்க்கும் தெரியும். அவன் லேசுப்பட்டவனா? கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைச் சிப்பாய் என்று மறைமொழியில் எழுதினான். மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்றால் ஊரில் புரிந்துகொள்வார்கள்.

அக்கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் மனக்குறை ஒன்று உண்டு. காயம் பட்டவன், இனி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினான். ஆனால் புண் ஆறியவனை மறுபடியும் போர்முனைக்கே அனுப்பினார்கள். லீவு முடிந்தது, வேலைக்கு வா என்பது போல! 1915 ஏப்ரல் 26-ஆம் நாள் ஈப்பர் அருகே, நச்சுப் புகைக்கு நடுவில் தன் ஆட்களைக் காப்பாற்றியவர் மீர் தஸ்த் என்ற பட்டாணிய ஜமேதார். அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஆகஸ்டு 25-ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரைட்டன் அரண்மனைத் தோட்டத்துக்கு வந்து தம் கையாலேயே அதைக் குத்தினார். அப்போது அந்த மனிதர் பணமோ நிலமோ கேட்கவில்லை. ஒருமுறை காயம் பட்டவர்களைத் திரும்பவும் குழிக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மன்னர் முன் நின்று ஒரு சிப்பாய் அப்படிக் கேட்பதென்றால் சாமானியமா? சிலுவையைவிட அந்த வாயைத்தான் நான் மெச்சுவேன்.

1915 இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்சை விட்டுப் புறப்பட்டது. ஊருக்கன்று, மெசபொட்டேமியப் போர்முனைக்கு. குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம் வரை பிரான்சில் தங்கியது. அவர்களில் சிலர் இலண்டன் பார்த்தார்கள். மண்ணுக்கடியில் ஓடும் ரயிலையும் பெரிய கடைகளையும் பற்றி வியந்து எழுதினார்கள். மற்றவர்களுக்கு ஓய்வுக்காலம் பிரெஞ்சுக் கிராமத்து வீடுகளில் கழிந்தது. தம் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்த கிழவிகள், மொழி தெரியாத இந்தச் சிப்பாய்களைச் சொந்தப் பிள்ளை போலக் கவனித்தார்களாம். துணி துவைத்துக் கொடுத்த தாயைப் பற்றிக் கண்ணீரோடு எழுதியவர்கள் உண்டு. பலர் பிரெஞ்சும் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டார்கள். நாலு வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்த உண்மையான விடுமுறை அந்த அடுப்படிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் அவரவர் முறைப்படி தகனம் செய்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். முஸ்லிம்களை வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். தகனம் நடந்த இடத்தில் வெள்ளைச் சலவைக் கல்லில் ‘சத்ரி’ என்ற நினைவு மண்டபம் எழுப்பப்பட்டு, 1921 பிப்ரவரி முதல் நாள் வேல்ஸ் இளவரசரால் திறக்கப்பட்டது. அதில் இறந்தவர் பெயர் ஒன்றும் பொறிக்கப்படவில்லை. 2010-இல்தான் பக்கத்தில் ஒரு கல் நட்டு அந்த 53 பெயர்களையும் வெட்டினார்கள்.