கரும்பு தின்னக் கூலியா?



“கரும்பு தின்னக் கூலியா?” என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆனால் இந்தச் செபராங் பிறை மண்ணில் நம்மவர் பலர் முதன்முதலில் காலடி வைத்ததே கரும்புக்குக் கூலியாகத்தான். பத்து காவான் பக்கம் சீனர்கள் முன்பே கரும்பு பயிரிட்டு வந்தார்கள். 1840களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரிய கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள், ஒப்பந்தக் கூலிகளாகக் காடு அழித்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், ஆலையில் பாகு காய்ச்சினார்கள். நோயிலே மாண்டவர் பலர். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. அதே காலத்தில் கரும்பு போய்க் கித்தா வந்துவிட்டது.

இங்கே சீனி காய்ச்சிய அந்த மக்கள், ஊரில் இருந்தபோது அறிந்த இனிப்பு எது? கருப்பட்டி! திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளில் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவார்கள். அதில் இறங்குவது பதநீர். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. யாழ்ப்பாணத்தார் அதையே பனங்கட்டி என்பார்கள். இங்கே மலாய்க்காரர்கள் தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றிக் ‘குலா மலாக்கா’ செய்கிறார்கள். மரம் வேறு, தொழில் ஒன்றுதான்.

சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தோட்டங்களில் நடந்தது அதுதான். மரமேறத் தெரிந்த நம்மவர்கள் இறக்கிய தென்னஞ்சாறு, கருப்பட்டிப் பானைக்குப் போகவில்லை, கள்ளுக்கடைக்குப் போனது. சம்பள நாளில் எத்தனை குடும்பங்கள் அதனால் கண்ணீர் வடித்தன! 1947இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளம்பியதற்குக் காரணம் இதுவே.

பிறகு நமக்குப் பக்கத்திலேயே, பிறையில், 1964இல் சீனி சுத்திகரிப்பு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வெள்ளைச் சீனி சுலபமாகக் கிடைத்தது. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, மைலோவுக்கு இரண்டு கரண்டி, போதாததற்குக் கெட்டிப்பால் வேறு! இன்று நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. நம் இந்தியர் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம் என்பது நமக்கே தெரியும்.

ஆகவே சிலர் மறுபடியும் கருப்பட்டிக்குத் திரும்பியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் “கருப்பட்டி இயற்கையானது, இனிப்புநீர்க்காரர் எவ்வளவும் சாப்பிடலாம்” என்று சொன்னால் நம்பாதீர்கள். அதில் கொஞ்சம் இரும்புச்சத்தும் தாது உப்புகளும் உண்டு. ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரையேதான். இரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். குலா மலாக்காவும் அப்படியே.

சீனித்துளசி என்ற ஸ்டீவியாவின் சங்கதி வேறு. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டுக் குவரானி மக்கள் காலங்காலமாக அந்த இலையைப் பானத்தில் போட்டுக் குடித்தார்கள். 1899இல் பெர்டோனி என்ற அறிஞர் அதை உலகுக்கு விவரித்தார். 1970களில் ஜப்பானியர் அதன் சாரத்தை உணவுப் பொருள்களில் சேர்க்கத் தொடங்கினர். அந்தச் சாரம் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. கடையில் வாங்கும்போது பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் சீனியும் கலந்திருக்கும். உடல் மெலிவதற்கு இப்படிப்பட்ட மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியிருப்பதையும் மறக்கக் கூடாது. எதைச் சாப்பிட்டாலும் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் கோப்பையில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். சில நாளில் நாக்கு பழகிவிடும். கிளினிக்கில் வருஷம் ஒரு தடவையாவது இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்களே, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், கருப்பட்டி பற்றியும் பழைய தோட்டத்து வாழ்க்கை பற்றியும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம்ம சரித்திரத்தை நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

கரும்புக்காக உடலைத் தேய்த்த பரம்பரை நாம். அந்தச் சீனிக்கே இன்று கண்ணையும் காலையும் பறிகொடுக்க வேண்டுமா? சிந்திப்போம்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!