கொல்லிமலையில் கிறித்தவத் தலைமையும் அகவளர்ச்சியும்

கொல்லிமலை என்றவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் வல்வில் ஓரி. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவனுடைய வில்லாற்றலைக் காட்டுவதோடு, தன்னைப் புகழக் கேட்டவிடத்து அவன் கொண்ட நாணத்தையும் காட்டுகிறார். ஆற்றலும் அடக்கமும் ஒருங்கமைந்தவனே தலைவன் என்பது அப்பாட்டால் பெறப்படும் கருத்து. இருபதாம் நூற்றாண்டில் அதே மலையில் கிறித்தவத் தொண்டு புரிந்த பிராண்டு இணையரின் வரலாற்றை இக்கருத்தின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெஸ்ஸி மான் பிராண்டு 1885-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1907-இல் இந்தியா வந்தார். கட்டடத் தொழில் அறிந்தவர். புறப்படுமுன் இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவமும் பயின்றார். 1913-இல் ஈவ்லின் ஹாரிஸ் அம்மையாரை மணந்தார். 1879-இல் பிறந்த அம்மையார், இலண்டன் மாநகரின் செல்வக் குடும்பத்தில் வளர்ந்தவர், ஓவியக்கலை பயின்றவர். இருவரும் மலைமேல் ஏறிய பின்னரும் கற்பதை நிறுத்தவில்லை. தமிழ் கற்றனர், மலைமக்களின் நோயையும் வறுமையையும் கற்றனர்.

அந்நாளில் நரம்புச் சிலந்தி நோய் மலைமக்களை வருத்தியது. மக்கள் இறங்கி நீர் முகக்கும் கிணறுகளில் வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் வழியே அந்நோய் பரவும். ஆதலின் புண்ணுக்கு மருந்திடுவதோடு அமையாமல், கற்சுவர் எழுப்பிய கிணறுகள் வேண்டும் என ஜெஸ்ஸி உணர்ந்தார். கட்டடத் தொழிலும் மருத்துவமும் அவரிடத்தில் ஒன்றற்கொன்று துணையாயின. தச்சுவேலையும் ஓடு செய்தலும் கற்பித்தார்.

எனினும், பல ஆண்டுகள் அவருடைய சமயப் போதனையை ஏற்பார் இலர். உள்ளூர்ப் பூசகர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். 1918–19-இல் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் மலையையும் தாக்கியபோது, இணையர் வீடுதோறும் கஞ்சி சுமந்து சென்று நோயாளிகளைப் பேணினர். எதிர்த்த பூசகரும் நோயுற்றார். இறக்குந் தறுவாயில் தம் குழந்தைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். சொல்லால் விளையாத நம்பிக்கை செயலால் விளைந்தது. இப்பயன் உடனே கிட்டியிருப்பின் பொறுமை என்னும் பண்பு அவர்களிடம் முதிர்ந்திராது என்பது எம் கருத்து.

1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மறைந்தார். துயரால் தளர்ந்து இங்கிலாந்து சென்ற அம்மையார் மீண்டும் தமிழகம் வந்தார். எழுபது வயதை நெருங்கியபோது, மூப்புக் கருதி அவரைச் சார்ந்த சங்கம் ஓய்வளித்தது. பதவியும் ஊதியமும் இன்றி அவர் மீண்டும் மலையேறினார். மட்டக்குதிரை மீது ஊர்தோறும் சென்றார். நடக்க இயலாதபோது மூங்கிற்கோல்களை ஊன்றி நடந்தார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். பதவி நீங்கிய பின்னரே அவருடைய தலைமை முழுமை பெற்றது. ஆகவே, தலைமை பதவியால் வருவதன்று என்பது தெளிவு.

1914-இல் பிறந்த இவர்தம் மகன் பால் பிராண்டும், முதலில் கட்டடத் தொழிலும் பின்னர் மருத்துவமும் பயின்றார். 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவை முறைகளை வளர்த்தார். கைத்தொழிலறிவு மருத்துவத்திற்குத் துணையாகும் தந்தையின் நெறி மகனிடமும் தொடர்ந்தமை காண்க.

இங்கு ஒரு தடையை எழுப்பலாம். இச்செய்திகள் பெரும்பாலும் மகனின் நினைவுகளிலிருந்தும், டாரத்தி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறுகளிலிருந்தும் கிடைப்பவை. அன்பர் கூற்றில் புகழ் மிகுதல் இயல்பன்றோ எனின், அது பொருந்திய வினாவே. அவர்களை ஏற்றும் மறுத்தும் வாழ்ந்த மலைமக்களின் வாய்மொழிச் செய்திகளைத் தொகுத்து ஒப்பிடுதல் இளம் ஆய்வாளர் கடன்.

ஆயினும், ஒரு செய்தி சிந்திக்கத் தக்கது. ஓவியக்கண் கொண்ட அவ்வம்மையார் தம் இறுதி இருபது ஆண்டுகளில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என மகன் குறிப்பிடுகிறார். புகழ் கேட்டு நாணிய ஓரியின் மலையில், தம் முகத்தை நோக்காது பிறர் முகம் நோக்கிய ஒருவர் வாழ்ந்தார். காலமும் சமயமும் வேறாயினும், தலைமைக்கு அடிப்படை அகவளர்ச்சியே என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.