துவக்கின் வழித்தடம்

தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பதை யாழ்ப்பாணத்தார் 'துவக்கு' என்பர். சிங்களவர் 'துவக்குவ' என்பர். மூன்றும் 'துஃபெக்' என்னும் துருக்கிச் சொல்லை மூலமாகக் கொண்டவை. சொல்லைப் போலவே பொருளும் கடல் கடந்து வந்ததுதான். 1560 இலும் 1591 இலும் போர்த்துக்கேயர் நல்லூர் மீது படையெடுத்தபோது குடாநாடு துவக்கின் வலிமையைக் கண்டது. 1619 இல் அரசு வீழ்ந்தது. பின்னர் 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் தத்தம் ஆயுதங்களுடன் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் புகுந்தனர்.

வந்த பொருளை நம் நாட்டுக் கொல்லர்கள் விரைவிலேயே தமதாக்கிக்கொண்டனர். கண்டி இராச்சியத் துவக்குகள் பலவற்றில் சூட்டுப்பொறி இடப்புறத்தில் அமைந்திருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்புறத்தில் இருப்பதே வழக்கம். வன்னிக் காடுகளில் வேட்டைக்காரர் ஏந்திய 'இடியன்' துவக்கும் இந்த வழிவந்ததே. குழல்வாயினூடாக வெடிமருந்தையும் சன்னத்தையும் இட்டு, கம்பியால் இடித்து இறுக்குவதை நினைத்தால் பெயர்க்காரணம் விளங்கும்.

மேலைநாடுகளில் பழைய படைத்துவக்குகளைச் சேகரிப்போர் உளர். அவர்களுக்குத் துவக்கின் அழகு இரண்டாம் பட்சமே. அதன்மேல் பொறிக்கப்பட்ட முத்திரைகளை வாசிப்பதே அவர்களது கலை. 1895 இல் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்ட லீ-என்ஃபீல்ட் றைபிளை எடுத்துக்கொள்வோம். நம்மவர் 'த்ரீ நாட் த்ரீ' என்றழைத்தது இதனையே. பத்துத் தோட்டாக்களை ஏற்கும் இத்துவக்கின் பிடி சேருமிடத்திலுள்ள இரும்புப் பட்டையில் முடிச்சின்னம், மன்னரின் பெயரெழுத்துகள், தொழிற்சாலை, ஆண்டு ஆகியன இருக்கும். அம்புக்குறி அரச உடைமை என்பதைக் காட்டும். இரண்டு அம்புக்குறிகள் முனையோடு முனை சந்தித்தால் படையிலிருந்து விற்று நீக்கப்பட்டது என்று பொருள். குழலிலும் போல்ட்டிலும் ஒரே இலக்கம் இருந்தால் அவை தொடக்கத்திலிருந்தே இணைந்திருப்பவை எனக் கொள்ளலாம்.

இத்தகைய சேகரிப்பு குடாநாட்டில் ஏன் இல்லை? 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் ஒரு காரணம். வரலாறு மற்றொரு காரணம். பொலிஸ் நிலையங்களில் இருந்த த்ரீ நாட் த்ரீ, இளைஞர்கள் குறிவைத்த பொருளாயிற்று. 1982 ஒக்டோபரில் சாவகச்சேரி பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டு ஆயுதங்கள் எடுத்துச்செல்லப்பட்டன. உரிமத்துடன் வீடுகளில் இருந்த சொட்கன்களும் இயக்கங்களின் கைக்குப் போயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, துவக்கு முன்னரே போய்விட்ட வீடுகளில் எஞ்சியிருந்த உரிமப் பத்திரங்களும் பின்தங்கிவிட்டன. பாட்டனார் துவக்குடன் நின்ற நிழற்படமும் அவற்றோடு போயிற்று.

துவக்கின் ஓசையைக் கேட்டே அது எவ்வகையெனச் சொல்லும் தலைமுறை ஒன்று இங்கு வளர்ந்தது. எனினும் அத்தலைமுறையிடம் எழுத்தில் ஒரு பக்கமும் இல்லை. முத்திரையைப் பார்த்தால் றைபிள் பிறந்த தொழிற்சாலை தெரியும். அதை ஏந்தியவர் யார், அதன் முன் நின்றவர் யார் என்பதை இரும்பு சொல்லாது. அதனை ஊர்தான் சொல்லவேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் இரு வேண்டுகோள்கள். வளவைத் தோண்டும்போது பழந்துவக்கு அகப்பட்டால் அதனைத் துடைத்தெடுக்க முற்படவேண்டாம். உள்ளே மருந்து இருக்கக்கூடும். பொலிசாருக்கு அறிவியுங்கள். மற்றையது, பழைய உரிமப் பத்திரமோ நிழற்படமோ இருந்தால் பேணி வையுங்கள். முதியவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். துவக்குகளைச் சேகரிக்க நமக்கு வழியில்லை. அவற்றின் கதைகளைச் சேகரிக்க எந்தச் சட்டமும் தடையில்லை.